பாவமும் குற்றமும்: 365ஆம் பிரிவு பற்றிய ஒரு மனுவில் கையெழுத்திடும் முன்

கேள்வி கேட்டவர் திருகோணமலைக்காரர். நீளமாக எழுதியிருக்கிறார். சுருக்கினால் இவ்வளவுதான்: காணிச் சண்டையிலும் சிலைச் சண்டையிலும் பாடசாலை உடுப்பிலும் ஒத்துப்போகாத நம்மூர்ச் சமயத் தலைவர்கள், தன்பாலீர்ப்பாளர் உரிமை என்றதும் ஒரே வரிசையில் வந்து நிற்கிறார்களே, ஏன்? எதிர்ப்பவர் எல்லாரும் வெறுப்பாளர்கள்தானா? தன்பாலுறவைக் குற்றமாக்கும், இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 365ஆம் பிரிவை நீக்கக்கூடாது என்று ஒரு மனு கையெழுத்துக்கு வந்திருக்கிறது, போடலாமா? போடாமல் விட்டு அந்தப் பிரிவும் போய்விட்டால், நாளைக்கு எங்கள் கோயிலில் இரண்டு ஆண்களுக்குத் தாலி எடுத்துக் கொடுக்கச் சொல்வார்களா?

இதற்குள் மூன்று வேறு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. அந்தச் செயல் பாவமா என்பது ஒன்று. பாவமே என்றாலும் அதற்காகப் பொலிஸ் ஆளைப் பிடித்துச் சிறையில் போட வேண்டுமா என்பது இரண்டாவது. அப்படிப்பட்டவருக்கு வேலையிலும் வாடகை வீட்டிலும் வைத்தியசாலையிலும் மற்றவருக்குள்ள அதே இடம் உண்டா என்பது மூன்றாவது. சமய நூல்கள் விரிவாகப் பேசுவது முதலாவதைப் பற்றி. கையெழுத்துக்கு வருகிற மனுக்களோ பெரும்பாலும் மூன்றையும் ஒரே வாக்கியத்தில் கட்டிவிடுகின்றன. நான் சட்டத்தின் பக்கமிருந்து பதில் சொல்கிறேன். சமயங்களைப் பற்றிச் சொல்லும்போது அந்தந்தச் சமயத்தாரே மறுக்காதவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மார்க்கத் தீர்ப்பு வேண்டுமானால் ஆலிமிடமும் பங்குத்தந்தையிடமும்தான் போக வேண்டும்.

முதலில் சட்டத்தின் வாசகம். 1883ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமே நமது தண்டனைச் சட்டக்கோவை. அதன் 365ஆம் பிரிவு ‘இயற்கை ஒழுங்குக்கு மாறான’ உடலுறவைக் குற்றமாக்குகிறது. தண்டனை பத்து வருடம் வரை போகலாம். 365அ பிரிவு ‘பாரதூரமான அநாகரிகச் செயல்’ பற்றியது. அதற்கு இரண்டு வருடம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். பொது இடமா வீட்டறையா என்ற வேறுபாட்டை 365அ பார்ப்பதில்லை. இருவருக்கும் சம்மதம் இருந்ததா என்பதை இரண்டு பிரிவுமே பார்ப்பதில்லை. அது பழைய சட்டம், ஆண்களுக்கு மட்டும் உரியது என்று பலர் நினைக்கிறார்கள். 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தம் ‘ஆண்’ என்றிருந்த இடத்தில் ‘ஆள்’ என்று போட்டது. அன்றிலிருந்து பெண்களும் உள்ளே வந்துவிட்டார்கள். இதனால் 2022இல் பெண்களுக்கெதிரான பாரபட்சத்தை ஒழிப்பதற்கான ஐக்கிய நாடுகள் குழு, இலங்கை உரிமைச் செயற்பாட்டாளர் ரோசன்னா ஃபிளேமர்-கல்டேரா தொடுத்த முறைப்பாட்டில், இலங்கை தன் உடன்படிக்கைக் கடமையை மீறியிருக்கிறது என்று முடிவு சொன்னது. அந்த முடிவை உள்நாட்டு நீதிமன்றத் தீர்ப்பைப் போல நிறைவேற்ற முடியாது. அரசாங்கத்தின் மீது அழுத்தம் மட்டுமே உண்டு.

இந்தப் பிரிவுகளின் வேர் திருக்கோணேச்சரத்திலும் இல்லை, மூதூர்ப் பள்ளிவாசலிலும் இல்லை. இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றி 1533இல் போட்ட சட்டம்தான், அதுவரை திருச்சபை நீதிமன்றத்தின் கையில் இருந்த ஒரு பாவத்தை அரச நீதிமன்றம் தண்டிக்கும் குற்றமாக மாற்றியது. அந்த மரபு 1860 இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு வழியாக நமக்கு வந்து சேர்ந்தது. ஆனால் ‘வெள்ளைக்காரன் சட்டம், ஆகவே தூக்கி எறி’ என்ற வாதத்தை நான் பயன்படுத்துவதில்லை. களவையும் கொலையையும் தண்டிப்பதும் அதே வெள்ளைக்காரன் கோவைதான். அதோடு 1995இல் அதை அகலப்படுத்தியது நமது சொந்தப் பாராளுமன்றம். வேர் எங்கே என்பது ஒன்றை மட்டும் காட்டும்: ‘நம் முன்னோர் காத்த சட்டம்’ என்று மனுவில் எழுதியிருந்தால் அது வரலாறு அல்ல.

நீதிமன்றமே இதை நீக்கிவிடலாமே, இந்தியாவில் 2018 செப்டம்பர் 6ஆம் தேதி அப்படித்தானே நடந்தது என்று கேட்பவர்கள் உண்டு. இங்கே முடியாது. நமது அரசியலமைப்பின் 16ஆம் உறுப்புரை, ஏற்கெனவே இருந்த எழுத்துச் சட்டம் அடிப்படை உரிமைகளோடு முரண்பட்டாலும் செல்லுபடியாகும் என்கிறது. 12ஆம் உறுப்புரையின் சமத்துவம் அந்தச் சுவரில் போய் முட்டி நிற்கிறது. 2016 நவம்பரில் உயர் நீதிமன்றம் மருதானைப் பொலிஸ் தொடர்பான ஒரு மேன்முறையீட்டில், சம்மதமுள்ள வளர்ந்தவர்களின் பாலுறவை அரசு கண்காணிக்கக்கூடாது என்பதே இன்றைய சிந்தனைப் போக்கு என்று எழுதியது. எழுதிவிட்டும் குற்றத்தீர்ப்பை அப்படியே வைத்து, சிறைத்தண்டனையை மட்டும் ஒத்திவைத்த தண்டனையாக மாற்றியது. அதற்கு மேல் போக வழியில்லை. அதனால்தான் இந்த விவகாரம் முழுக்க முழுக்கப் பாராளுமன்றத்தின் கையில் இருக்கிறது. சமயத் தலைவர்களின் சொல்லுக்கு இவ்வளவு எடை இருப்பதும் அதனால்தான். நீதிபதிக்கு வாக்கு வேண்டாம், உறுப்பினருக்கு வேண்டும்.

2023இல் பிரேம்நாத் டொலவத்த என்ற ஆளுங்கட்சி உறுப்பினர், இந்தக் குற்றத்தை நீக்கத் தனி உறுப்பினர் சட்டமூலம் ஒன்றைக் கொண்டுவந்தார். அதை எதிர்த்து உயர் நீதிமன்றத்துக்குப் போனவர்கள், பௌத்தத்துக்கு முதன்மை தரும் 9ஆம் உறுப்புரை தொடக்கம் எய்ட்ஸ் வரை பல காரணங்களைச் சொன்னார்கள். மே மாதம் சபாநாயகர் வாசித்த முடிவு தெளிவானது: சட்டமூலத்தின் எந்தப் பகுதியும் அரசியலமைப்புக்கு முரணில்லை, சாதாரணப் பெரும்பான்மையே போதும். 225 பேர் சபையில் மூன்றில் இரண்டு தேவையில்லை, சர்வசன வாக்கெடுப்பும் தேவையில்லை. அந்தச் சட்டமூலம் வாக்கெடுப்புக்கே வராமல் 2024 செப்டம்பரில் பாராளுமன்றம் கலைந்தபோது காலாவதியானது. தடுத்தது சட்டம் இல்லை என்பதைக் கவனியுங்கள். அதற்கு முன்பே, 2017 ஜனவரியில், தேசிய மனித உரிமைச் செயற்திட்டத்தில் பாலியல் நாட்டத்தின் அடிப்படையிலான பாரபட்சத்தைச் சேர்க்க அமைச்சரவை மறுத்ததும் இதே தயக்கத்தால்தான்.

இனி சமயங்கள். நான்கும் ஒரே விஷயத்தைச் சொல்கின்றன என்பது வெளியே தெரியும் தோற்றம் மட்டுமே.

கத்தோலிக்கப் போதனை மிக வெளிப்படையாக எழுதப்பட்டது. மறைக்கல்வி நூலின் 2357ஆம் பத்தி அந்தச் செயல்களை உள்ளார்ந்த ஒழுங்கீனம் என்கிறது. எந்தச் சூழலிலும் ஏற்க முடியாது என்கிறது. அடுத்த பத்தியே அந்த மனிதர்களை மதிப்போடும் பரிவோடும் ஏற்க வேண்டும், அநியாயமான பாரபட்சத்தின் எந்த அடையாளமும் கூடாது என்கிறது. குற்றவியல் தண்டனை பற்றி வத்திக்கான் 2008இலேயே ஐக்கிய நாடுகள் சபையில், அத்தகைய தண்டனைகளை நாடுகள் கைவிட வேண்டும் என்று சொல்லிவிட்டது. 2023 ஜனவரியில் பாப்பரசர் பிரான்சிஸ் இன்னும் நேராக, அது பாவம், குற்றமல்ல என்ற பொருளில் பேசினார். இத்தகைய சட்டங்களை ஆதரிக்கும் ஆயர்கள் மனம் மாற வேண்டும் என்றும் சொன்னார். ஆகவே 365ஐக் காப்பாற்றச் சொல்லும் மனுவில் கையெழுத்திடும் ஒரு கத்தோலிக்கர் தன் சபையின் ஒழுக்கப் போதனையைப் பின்பற்றுவதாக நினைக்கலாம், ஆனால் சட்டம் பற்றி அந்தச் சபை சொன்னதற்கு எதிர்ப்பக்கம் நிற்கிறார். இங்கிலாந்துத் திருச்சபையிலும் இதே கதை. 1960களில் கன்ரபரிப் பேராயர் மைக்கல் ராம்சே அதைப் பாவம் என்றே கருதினார். ஆனாலும் தண்டனைச் சட்டத்தை நீக்குவதற்குப் பிரபுக்கள் சபையில் ஆதரவாகப் பேசினார். 1967இல் அங்கே சட்டம் மாறியது.

இஸ்லாத்தில் லூத் நபியின் சமூகம் பற்றிய குர்ஆன் வசனங்களின் அடிப்படையில் அது ஹராம் என்பதில் மரபான அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. இதை மழுப்பி எழுதுவது முஸ்லிம் வாசகர்களை ஏமாற்றுவதாகும். ஆனால் தண்டனை என்று வரும்போது மத்ஹப்கள் (சட்ட மரபுகள்) பிரிகின்றன. இமாம் அபூ ஹனீபா அதை விபசாரத்தின் ஹத்துக்குள் (மார்க்கம் நிர்ணயித்த தண்டனைக்குள்) சேர்க்காமல், நீதிபதியின் விருப்புக்குட்பட்ட தஃஸீர் தண்டனை என்று விட்டார். நம் நாட்டு முஸ்லிம்கள் பெரும்பாலும் பின்பற்றும் ஷாபிஈ மரபில் அது விபசாரத்தோடு சேர்த்துப் பார்க்கப்படுகிறது; அப்படிப் பார்த்தால் கண்ணால் கண்ட நான்கு சாட்சிகள் என்ற நிபந்தனையும் கூடவே வருகிறது. பிறர் வீட்டைத் துருவிப் பார்ப்பதை 49ஆம் அத்தியாயத்தின் 12ஆம் வசனம் தடுக்கிறது. பொலிஸ் தொலைபேசியைப் பறித்துப் படம் தேடுவது எந்த மத்ஹபின் சாட்சி முறையிலும் அடங்காது. உஸ்மானியப் பேரரசின் 1858 தண்டனைச் சட்டம் இதைக் குற்றமாகச் சேர்க்கவில்லை என்பதையும், ஜோர்தானில் 1950களிலிருந்தே சம்மதமுள்ள வளர்ந்தவர்களின் செயல் குற்றமில்லை என்பதையும் மௌலவிமார் சிலராவது அறிவார்கள். அங்கே யாரும் அதை ஹலால் ஆக்கவில்லை.

பௌத்தத்தில் துறவிக்கு எந்தப் பாலுறவும் பாராஜிகம், ஆணோடானாலும் பெண்ணோடானாலும் காவியை இழக்க வேண்டியதுதான். இல்லறத்தாருக்கு, தகாத பாலுறவைத் தவிர்க்கச் சொல்லும் மூன்றாம் சீலம். அதன் பழைய விளக்கத்தில் யாரோடு கூடக்கூடாது என்று வரும் பட்டியல், பிறர் பாதுகாப்பில் இருக்கும் பெண்களைப் பற்றியது. பிற்கால உரைகள் சில கடுமையாகப் போயின. ஆனால் அரசு தண்டிக்க வேண்டும் என்ற கட்டளை சீலத்தில் இல்லை, ஏனென்றால் சீலம் என்பதே தானாக எடுத்துக்கொள்ளும் விரதம்.

சைவத்தில் எல்லாருக்கும் பொதுவான ஒரே சட்டப் புத்தகம் கிடையாது; ‘இந்து சமயம் இப்படித்தான் சொல்கிறது’ என்று யார் தொடங்கினாலும் எந்த நூல் என்று கேளுங்கள். மனு நூலைக் காட்டுவார்கள். அதில் இருபிறப்பாளன் (பூணூல் அணியும் வருணத்தான்) ஆணோடு கூடினால் உடுத்த துணியோடு குளிக்க வேண்டும் என்ற பரிகாரம் இருக்கிறது. கன்னிப்பெண்கள் சம்பந்தப்பட்ட இடத்தில் அபராதமும் அடியும் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும், வசதியானதை மட்டும் எடுக்கக்கூடாது. பத்திரகாளி கோயில் வாசலில் நிற்கும் எவரும் தன் வாழ்க்கையை மனு நூலைப் பார்த்து நடத்துவதில்லை என்பதும் உண்மை. ஈழத்துச் சைவத்தின் இன்றைய கண்டிப்பு பத்தொன்பதாம் நூற்றாண்டில், மிஷனரிகளோடு மல்லுக்கட்டிய சீர்திருத்தக் காலத்தில் இறுகியது. ஆறுமுக நாவலர் கோயில்களில் தேவதாசி ஆட்டத்தையும் உயிர்ப்பலியையும் எதிர்த்தது அந்த இறுக்கத்தின் ஒரு பகுதி.

நூல்கள் இப்படிப் பிரிந்து கிடக்க, மேடையில் மட்டும் ஏன் ஒற்றுமை? இங்கே உறுதியாகச் சொல்லக்கூடியதும் என் கணிப்பும் கலந்திருக்கின்றன. உறுதியானது முதலில்: திருகோணமலை மாவட்டத்தில் முஸ்லிம்கள் ஏறத்தாழப் பத்தில் நாலு பேர், மற்றைய இரண்டு சமூகமும் அதற்குக் குறைவு, எவரும் பாதியைத் தாண்டவில்லை. அப்படிப்பட்ட இடத்தில் எந்தப் பொது விஷயத்தில் ஒரு சமூகம் விட்டுக்கொடுத்தாலும் அது தோல்வியாகக் கணக்கிடப்படும். இந்த ஒரு விஷயத்தில் யாரும் எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. காணி போகாது, சிலை எழும்பாது. செலவில்லாமல் கிடைக்கும் ஒற்றுமை இது. சிங்கப்பூரிலும் 2014இல் தன்பாலீர்ப்பாளர் ஆதரவுக் கூட்டத்தை எதிர்த்து ஒரு முஸ்லிம் ஆசிரியர் தொடங்கிய வெள்ளை உடை இயக்கத்தில் புரட்டஸ்தாந்துப் போதகர் ஒருவர் வந்து சேர்ந்தார். பல சமயம் நெருங்கி வாழும் ஊர்களில் இந்தக் கூட்டு புதிதில்லை.

இரண்டாவது காரணம் கிழக்குக்கே உரியது என்று நான் கருதுகிறேன். இங்கே தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் வீடும் வளவும் பெரும்பாலும் பெண்பிள்ளையின் பெயரில் போகும். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவார். ஒரு மகளோ மகனோ கலியாணம் வேண்டாம் என்று நின்றால் ஒருவரின் தனி விருப்பத்தோடு அது முடிவதில்லை. வீடு கைமாறுவது நிற்கிறது, அடுத்த தங்கச்சிக்கு வரும் சம்பந்தம் காரணம் கேட்கிறது. பிரசங்க மேடையில் ‘குடும்பம் சிதையும்’ என்று சொல்லும்போது கேட்பவர் மனத்தில் ஓடுவது வேத வசனமாக இருக்க வேண்டியதில்லை, தரகர் சொன்ன சொல்லாக இருக்கலாம். எதிர்ப்பு இவ்வளவு ஆழமாக இருப்பதற்குப் பாதிக் காரணம் இங்கேதான் இருக்கிறது. தலைநகரத்து ஆர்வலர்கள் வேதத்தோடு வாதாடிக்கொண்டிருக்கையில் இந்த இடம் அவர்கள் கண்ணில் படுவதேயில்லை.

மூன்றாவது, ‘வெளிநாட்டுத் திட்டம்’ என்ற சந்தேகம். தூதரகங்கள் வானவில் கொடி ஏற்றுவதும், உரிமை அமைப்புகளுக்கு வெளிநாட்டுப் பணம் வருவதும் உண்மைதான். எதிர்ப்புக்கும் வெளிநாட்டு வேர் உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உகண்டாவில் தன்பாலீர்ப்புக்கு எதிரான 2009 சட்டமூலத்துக்குச் சற்று முன் ஸ்கொட் லைவ்லி என்ற அமெரிக்கப் போதகர் அங்கே போய்க் கூட்டம் வைத்தார். 2023இல் அங்கே வந்த சட்டம் சில நிலைகளில் மரண தண்டனை வரை போனது. அதை ஆதரித்த உகண்டா அங்கிலிக்கன் பேராயரைக் கன்ரபரிப் பேராயரே பகிரங்கமாகக் கண்டித்தார். அரசியல்வாதிகளைப் பற்றி அதிகம் எழுதத் தேவையில்லை. 2018 நவம்பர் அரசியல் நெருக்கடியின்போது நாட்டின் சனாதிபதியே எதிரணியினரை, தன்பாலீர்ப்பாளரைக் குறிக்கும் இழிசொல்லால், ‘வண்ணத்துப்பூச்சிகள்’ என்று மேடையில் கேலி செய்தார். அதில் சமயம் ஒரு துளியும் இல்லை. 2025இல் சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபை தன்பாலீர்ப்புப் பயணிகளை வரவேற்கும் முயற்சிக்கு ஆதரவுக் கடிதம் கொடுத்தபோது கர்தினால் மல்கம் ரஞ்சித் வெளிப்படையாக எதிர்த்தார். உப்புவெளி, நிலாவெளி விருந்தினர் விடுதிகளை நம்பிப் பிழைக்கும் குடும்பங்களுக்கு அந்தச் சண்டை வெறும் செய்தி இல்லை.

அடுத்தது பயங்கள். சிலவற்றில் உண்மை இருக்கிறது, சிலவற்றில் இல்லை.

பிள்ளைகளைப் பற்றிய பயம் நியாயமானது, ஆனால் 365 போனால் பிள்ளைகள் பாதுகாப்பற்றுப் போவார்கள் என்பது சரியில்லை. 365ஆ பிரிவு பாரதூரமான பாலியல் துஷ்பிரயோகத்தைத் தண்டிக்கிறது. ஆண்பிள்ளை பெண்பிள்ளை என்று பிரிக்காது. பாதிக்கப்பட்டவர் 18 வயதுக்குக் குறைந்தவரானால் ஏழு முதல் இருபது வருடம். அது எங்கும் போகவில்லை. ஆனால் இங்கே ஒரு வரைவுச் சிக்கல் உண்டு, ஆதரவாளர்கள் அதைப் பேசுவதில்லை. 363ஆம் பிரிவின் வன்புணர்வு வரைவிலக்கணம் பெண்ணை மட்டுமே பாதிக்கப்பட்டவராகக் காண்கிறது. ஆணை ஆண் வன்புணர்ந்தால் இப்போது 365உம் 365ஆவும்தான் கைகொடுக்கின்றன. ஆகவே 365ஐ வெறுமனே வெட்டி எறியாமல், சம்மதமில்லாத செயலும் 16 வயதுக்குக் குறைந்தவரோடு நடக்கும் செயலும் தெளிவாக உள்ளே நிற்கும்படி எழுத வேண்டும். பிள்ளைகளுக்காகப் பேசும் ஒரு சமய அமைப்பு உண்மையில் கேட்க வேண்டியது இந்தத் திருத்தத்தைத்தான்.

நோய் பரவும் என்ற வாதம் தலைகீழாகப் போகிறது. மாவட்ட வைத்தியசாலைகளில் இயங்கும் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்களில் எச்ஐவி பரிசோதனை இலவசம், விவரம் வெளியே போகாது. ஆனால் யாரோடு உறவு என்று தாதிக்குச் சொல்வது பத்து வருடக் குற்றத்தை ஒப்புக்கொள்வது போலிருந்தால் ஆள் வரமாட்டார். வராத ஆளுக்கு மருந்தும் இல்லை. தன்பாலீர்ப்பு மனநோய் என்ற கூற்றும் மனுக்களில் வரும். உலக சுகாதார நிறுவனம் 1990இலேயே அதை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது.

தாலிக் கேள்விக்கு வருகிறேன். 2023 சட்டமூலத்தில் திருமணம் இல்லை, தத்தெடுப்பு இல்லை, பாடத்திட்டம் இல்லை. குற்றத்தை நீக்கினால் திருமணம் தானாக வந்துவிடாது: இந்தியாவில் 2018இல் குற்றம் போனது, 2023 அக்டோபரில் அதே உச்ச நீதிமன்றம் திருமண உரிமையைத் தர மறுத்தது. சிங்கப்பூர் 2022இல் ஒரே நேரத்தில் குற்றப் பிரிவை நீக்கி, திருமண வரைவிலக்கணத்தை நீதிமன்ற வழக்கு தொடமுடியாதபடி அரசியலமைப்பில் பூட்டியும் வைத்தது. அங்குள்ள சமய அமைப்புகள் கேட்ட பூட்டு அது. இங்கிலாந்தில் 1967க்கும் 2013க்கும் இடையே 46 வருடம். 2013 சட்டத்தில்கூட இங்கிலாந்துத் திருச்சபை அத்தகைய திருமணத்தை நடத்தச் சட்டமே இடம் கொடுக்கவில்லை; மற்றச் சமய அமைப்புகள் தாமாக விரும்பினால் மட்டும் சேரலாம்; எந்தப் போதகரையும் கட்டாயப்படுத்த முடியாது. ஆகவே குருக்களைக் கையைப் பிடித்து இழுத்துத் தாலி எடுத்துக் கொடுக்க வைப்பார்கள் என்பது நான் அறிந்த எந்த நாட்டுச் சட்டத்திலும் இல்லாத காட்சி.

அதற்காகப் பயத்தில் ஒன்றுமேயில்லை என்றும் சொல்லமாட்டேன். உரசல் பலிபீடத்தில் வருவதில்லை, சமய அமைப்புகள் பொதுச் சேவை நடத்தும் இடத்தில் வருகிறது. இங்கிலாந்தில் 2007 பாரபட்சத் தடை விதிகளுக்குப் பிறகு கத்தோலிக்கத் தத்தெடுப்பு நிலையங்கள் மூடப்பட்டன அல்லது திருச்சபையிலிருந்து பிரிந்தன. தன் மனச்சாட்சிப்படி ஒருபாலினப் பதிவுகளைச் செய்ய மறுத்த லண்டன் பதிவாளர் ஒருவர் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தில் 2013இல் தோற்றார். நம் நாட்டில் இது எந்த வடிவில் வரும் என்று இன்று யாராலும் சொல்ல முடியாது. அரச சம்பளம் வாங்கும் ஆசிரியர்களைக் கொண்ட சமயப் பாடசாலைகள், வாடகைக்கு விடும் மண்டபங்கள் ஆகியவையே முதலில் உரசும் இடங்கள் என்பது என் கணிப்பு. ஆனால் அவை பாரபட்சத் தடைச் சட்டம் ஒன்று வந்தால் எழும் கேள்விகள். 365 நீங்குவதால் எழுவன அல்ல. பிரசங்கத்தில் அதைப் பாவம் என்று சொல்லும் சுதந்திரம் அரசியலமைப்பின் 10ஆம், 14ஆம் உறுப்புரைகளில் இருக்கிறது, பிரிவு நீங்கினாலும் இருக்கும்.

சட்டம் பெயரளவுக்குத்தானே இருக்கிறது, யாரைப் பிடிக்கிறார்கள் என்பார்கள். வழக்கு குறைவாக இருந்தாலும் கெடுதல் வேறு வழியில் நடக்கிறது. கைபேசிச் செயலியில் பேசி வரவழைத்து, வீட்டுக்குச் சொல்வோம் என்று பணம் பறிப்பது அதில் ஒன்று. பயமுறுத்திப் பணம் பறிப்பது தனிக் குற்றம். ஆனாலும் பறிகொடுத்தவர் முறைப்பாடு செய்தால் தன் குற்றத்தையே எழுதிக் கொடுத்ததாகிவிடுமோ என்று போகமாட்டார். பறிப்பவருக்கு அது நன்றாகத் தெரியும். இன்னொன்று, குற்றத்தை நிரூபிக்க ஆசனவாய்ப் பரிசோதனைக்கு அனுப்புவது. 2017க்குப் பிறகு குறைந்தது ஏழு பேருக்குக் கட்டாயப் பரிசோதனை நடந்ததாக ஹியூமன் ரைட்ஸ் வாட்ச், ஈக்குவல் கிரவுண்ட் ஆகிய உரிமை அமைப்புகள் 2020இல் வெளியிட்டன. அந்தப் பரிசோதனையால் எதையும் நிறுவ முடியாது, அது மனிதத்தன்மையற்றது என்று உலக மருத்துவச் சங்கம் 2017இலேயே கண்டித்துவிட்டது. மூன்றாவது, திருநங்கைகளையும் திருநம்பிகளையும் 399ஆம் பிரிவின் ஆள்மாறாட்டம், 1841 அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம் ஆகியவற்றைக் காட்டி மறிப்பது. 2016இன் சுகாதார அமைச்சுச் சுற்றறிக்கைப்படி மனநல வைத்தியரிடம் பாலின அங்கீகாரச் சான்றிதழ் பெற்றுப் பிறப்புப் பதிவை மாற்றியவர்கள், அதன் பிரதியையும் அடையாள அட்டையையும் கையோடு வைத்திருப்பது நல்லது.

பிடிபட்டால் என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன், கேள்வியில் நேராக இல்லாவிட்டாலும் அதன் ஓரத்தில் அந்தக் கவலை தெரிகிறது. எந்தப் பிரிவின் கீழ், யார் முறைப்பாட்டில் என்று கேட்டு, நேரத்தையும் உத்தியோகத்தரின் இலக்கத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். சட்டத்தரணி பொலிஸ் நிலையத்துக்கே வந்து பேசலாம். உடற்பரிசோதனைக்குச் சம்மதமில்லை என்றால் அதைச் சட்டவைத்திய அதிகாரியிடம் வாயால் சொல்லி எழுதச் சொல்ல வேண்டும். அடிப்படை உரிமை மனுவை உயர் நீதிமன்றத்தில் ஒரு மாதத்துக்குள் போட வேண்டும். இந்தக் கெடுவைத் தவறவிட்டுத்தான் பல நல்ல வழக்குகள் சாகின்றன. அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது. ஆனால் விசாரணை உண்மையிலேயே நடந்ததா என்று நீதிமன்றம் பார்க்கும், ஆகவே முறைப்பாட்டு இலக்கத்தோடு நின்றுவிடாமல் ஆணைக்குழுவின் கடிதங்களையும் சேர்த்து வைக்க வேண்டும். ஆணைக்குழுவுக்குத் திருகோணமலையிலேயே பிராந்திய அலுவலகம் உண்டு. அவசர இலக்கம் 1996. அதன் முடிவு பரிந்துரை மட்டுமே. அரச உத்தியோகத்தர் செய்ததற்குத்தான் இந்த வழி. கடைக்காரரோ வீட்டு உரிமையாளரோ துரத்தினால், அடிப்படை உரிமை மனுவுக்கு வழிதரும் 126ஆம் உறுப்புரை உதவாது. அந்த ஓட்டையை அடைக்க இன்றுவரை சட்டம் இல்லை.

எதிர்ப்பவர் எல்லாரும் வெறுப்பாளர்கள்தானா என்றும் கேட்டிருந்தீர்கள். இல்லை. பாவம் என்று நம்பி, அப்படியே பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்து, அடுத்த வீட்டுப் பையனைப் பொலிஸ் இழுத்துப் போனால் பிணைக்குக் கையெழுத்துப் போட ஓடுகிற தாய்மார் இந்த ஊரில் உண்டு. அவர்களை வெறுப்பாளர் என்று அழைத்தால் அவர்களை இழப்பதுதான் மிச்சம். வேலை பறிக்கச் சொல்வதும், வீடு கொடுக்காதே என்பதும், அடிப்பதைப் பார்த்து நிற்பதும் வேறு. அதற்குச் சமயத்தின் பெயரை வைத்தாலும் பெயர் மாறாது.

மனுவுக்கு வருவோம். கையெழுத்துக்கு முன் மூன்றைப் பாருங்கள். எந்தச் சட்டமூலத்தை எதிர்க்கிறது என்று வர்த்தமானித் தேதியோடு இருக்கிறதா? 2023இனுடையதைத்தான் என்றால் அது காலாவதியாகிவிட்டது. திருமணத்தை எதிர்க்கிறதா, குற்றம் நீங்குவதை எதிர்க்கிறதா, இரண்டையும் ஒரே வரியில் கலந்திருக்கிறதா? ‘கடுமையாக நடைமுறைப்படுத்துக’ என்ற சொல் எங்காவது இருக்கிறதா? இருந்தால், சிறையை நீங்கள் கேட்கிறீர்கள் என்று பொருள். அதைத் தெரிந்துதான் கேட்க வேண்டும். உங்கள் நம்பிக்கைப்படி திருமணம் ஆணுக்கும் பெண்ணுக்கும்தான் என்று எழுத விரும்பினால் அதை மட்டும் தனி மனுவாக எழுதலாம், யாரும் தடுக்கமுடியாது. நான் உங்கள் இடத்தில் இருந்தால், வந்திருக்கும் மனுவில் போடாமல், ஆண்பிள்ளைகளுக்கும் பொருந்தும்படி 363ஐத் திருத்தக் கேட்கும் மனு ஒன்றை எழுதி அதே தலைவர்களிடம் கையெழுத்துக்குக் கொண்டுபோவேன்.